94 கிகாஹெர்ட்ஸ் கிளைஸ்ட்ரான் ஆம்ப்ளிஃபயர்: டியூப் பிரமாதம், பெட்டிதான் படுத்துகிறது

மேக ரேடாருக்காக எங்கள் ஆய்வகத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் இது. தயாரித்தவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட விவரம்தான் உதவும். உள்ளே இருப்பது எக்ஸ்டெண்டெட் இன்டராக்‌ஷன் கிளைஸ்ட்ரான், சுருக்கமாக இஐகே: எலக்ட்ரான் கற்றையின் ஆற்றலை எடுத்து மைக்ரோவேவ் சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய் (டியூப்). அதைச் சுற்றி கற்றையைப் பல்ஸ் பல்ஸாகத் திறந்து மூடும் மாடுலேட்டர், ஹைவோல்டேஜ் சப்ளை, தண்ணீர்க் குழாய்கள் என்று ஆள் உயர ரேக்.

டியூப்பைக் குறை சொல்ல வாயே வராது. 15 மில்லிவாட் கொடுத்தால் 1.5 கிலோவாட் பல்ஸ் வருகிறது. 50 டெசிபல் கெயின், அதாவது லட்சம் மடங்கு. இங்கே அலைநீளமே 3.2 மில்லிமீட்டர்தான் என்பதால் பீம் (எலக்ட்ரான் கற்றை) போகும் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 16 கிலோவோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் ஓடும் எலக்ட்ரான் கற்றையை அந்தத் துளைச் சுவரில் படாமல் பிடித்துவைப்பது வெறும் நிரந்தரக் காந்தங்கள்! சாதாரண கிளைஸ்ட்ரானில், அலை ஒத்ததிரும் உலோக அறையான கேவிட்டி ஒன்றுக்கு, கற்றையும் அலையும் சந்திக்கும் இடைவெளி ஒன்றுதான். இதில் ஒரே கேவிட்டியில் பல இடைவெளிகள். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆற்றலை இறக்கிவிட்டுப் போகின்றன. இதே வேலையை காலியம் நைட்ரைடு சிப்களை வைத்துச் செய்யப் பார்த்தால், ஒரு சிப் சில வாட்தான் தரும். நூற்றுக்கணக்கில் சேர்க்க வேண்டும், சேர்க்கும் இடத்திலேயே பாதி கரைந்துவிடும். 2006-இல் ஏவிய கிளவுட்சாட் செயற்கைக்கோள் மேகங்களை அளந்ததும் இந்த வகை டியூப்பால்தான்.

பேண்ட்வித், அதாவது பெருக்கக்கூடிய அதிர்வெண் அகலம், 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே. எங்கள் வேலைக்குப் போதும்.

இனி பெட்டி. கோளாறு கண்டு தானே அணைந்தால் (டிரிப்) முன்பக்கத்தில் எல்லாச் சிவப்பு விளக்கும் ஒன்றாக எரிகின்றன. எது முதலில் வந்தது, எது பின்னால் இழுபட்டது என்று ஒன்றும் தெரியாது. கடைசியில், துளைச் சுவரில் படும் மின்னோட்டத்தைக் காட்டும் பாடி கரன்ட் மானிட்டரில் ஆசிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்தோம். பல்ஸ் முடியும் இடத்தில் கூராக ஒரு மேடு! பீமைத் திறந்து மூடும் கம்பி வலையான கிரிட் அதைச் சட்டென்று அணைக்காததால், அந்த நேரத்தில் கற்றை விரிந்து சுவரில் இடிக்கிறது. சர்வீஸுக்கு எழுதினால் 'டியூட்டியைக் (பல்ஸ் ஓடும் நேர விகிதத்தை) குறைத்துப் பாருங்கள்' என்று பதில். சரி, குறைத்தால் டிரிப் குறையும்தான், ரேடாரின் உணர்திறனும் சேர்ந்தே குறையும். பிறகு வந்த இன்னொருவர் மாடுலேட்டரில் கிரிட்டின் கட்-ஆஃப் பயாஸை, அதாவது பீமை நிறுத்திவைக்கும் எதிர் வோல்டேஜை, கொஞ்சம் ஏற்றினார். மேடு அடங்கியது, டிரிப்பும் நின்றது. தொழிற்சாலையிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

அவுட்புட்டை ரேக்கின் பின்பக்கம் வைத்தது யார் யோசனையோ. இந்த அதிர்வெண்ணுக்கான உலோகக் குழாயான டபிள்யூஆர்-10 வேவ்கைடில் ஒரு மீட்டர் ஓடினாலே ஏறக்குறைய பாதி பவர் சூடாகப் போய்விடும். ஆன்டெனா பக்கம் திருப்ப நாங்கள் வளைவுகள் போட்டதில் நல்ல பங்கு அங்கேயே போகிறது.

உதிரி டியூப்பை அலமாரியில் வைப்பதைப் பற்றிக் கையேட்டில் அரை வரிதான். உண்மையில், உள்ளே கசியும் வாயுவை இழுத்துவிடும் அதன் ஐயான் பம்ப்பை அவ்வப்போது ஓட்டி வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். நாள் கழித்து எடுத்தால் முதலில் ஹீட்டரை மெதுவாக ஏற்றி, அப்புறம் வோல்டேஜைப் படிப்படியாக. அவசரப்பட்டால் உள்ளே ஆர்க் அடிக்கும்.

இதைவிடப் பெரிய பவர் வேண்டுமென்றால் எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் சுழலவிட்டு வேலைசெய்யும் கைரோகிளைஸ்ட்ரான் இருக்கிறது. அதை வைத்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் வார்லாக் ரேடார் 94 கிகாஹெர்ட்ஸில் சராசரியாகவே 10 கிலோவாட் காட்டியது. ஆனால் அதற்கு மூன்றரை டெஸ்லா அளவில் சூப்பர்கண்டக்டிங் காந்தம் தேவை. மேகம் பார்க்க அவ்வளவு வேண்டாம்.

மறுபடி வாங்குவேனா? டியூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், மாடுலேட்டரை வேறிடத்தில். முதல் ஃபால்ட்டைத் தனியாகப் பதிந்து காட்டுமா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாரன்டி ஹீட்டர் மணிக்கணக்கா பீம் மணிக்கணக்கா என்றும் கேளுங்கள். எங்களுடையது ஹீட்டர் கணக்கு. ஸ்டாண்ட்பையில் சும்மா நின்றாலும் மீட்டர் ஓடுகிறது.