சுற்றளவு 88, பரப்பு எவ்வளவு?

ஒரு தேக்குத் தடி. டேப்பைச் சுற்றினால் 88 செ.மீ. வெட்டுமுகத்தின் பரப்பு எத்தனை சதுர செ.மீ.? ஆளுக்கொரு விடை சொல்வார்கள்.

பள்ளிக்கூட வழி நமக்குத் தெரியும்: சுற்றளவிலிருந்து ஆரம் 14, அதை வர்க்கமாக்கி 22/7ஆல் பெருக்கினால் 616. ஆரத்தைத் தேடாமலும் போகலாம். சுற்றளவின் வர்க்கத்தை 4 பையால் (π, ஏறக்குறைய 22/7) வகுத்தால் 616.25. மனக்கணக்குக்காரர் வர்க்கத்தை 0.08ஆல் பெருக்கி 619.5 என்பார், அதுவும் மோசமில்லை.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் சொல்லும் வழி எனக்குப் பிடித்தது. பாதி வட்டத்தை, அதாவது பாதிச் சுற்றளவை, பாதி விட்டத்தால் பெருக்கு, குழி (பரப்பு) வந்துவிடும். 44 × 14 = 616. பை கண்ணிலேயே படாது. ஆனால் விட்டமும் கையில் இருக்க வேண்டும். நிற்கிற மரத்தில் டேப்பை வைத்துக்கொண்டு விட்டத்துக்கு எங்கே போவது?

இந்தச் சிக்கலே இல்லாதவர்கள் பாபிலோனியர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு களிமண் வில்லையில் வட்டம் வரைந்து மூன்றே எண்கள் பொறித்திருக்கிறார்கள்: 3, 9, 45. சுற்றளவு 3, அதன் வர்க்கம் 9, அதைப் 12ஆல் வகுத்தால் முக்கால், அதாவது அறுபதில் 45. பையை 3 என்று வைத்துக்கொண்ட கணக்கு. நம் தடிக்கு இது 645 தரும், நூற்றுக்கு ஐந்து பங்கு போல அதிகம்.

மரவாடிக் கணக்கு இதற்கு நேர்மாறு. சுற்றளவில் கால் பங்கு 22, அதன் வர்க்கம் 484. இங்கிலாந்தில் எட்வர்ட் ஹோப்பஸ் 1736இல் வெளியிட்ட அட்டவணைகளின் வழி பரவிய இந்தக் 'கால் சுற்று' முறையில், உள்ளதில் நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் காணாமல் போகிறது. 3 மீட்டர் தடியென்றால் 0.185 கன மீட்டர் 0.145 ஆகிவிடும். ஏமாற்று என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் பட்டை, உருண்டையைச் சதுரமாக்கும்போது போகும் ஓரப்பலகை, ரம்பத்தூள் எல்லாவற்றுக்குமான கழிவு இதில் அடங்கிவிடுகிறது என்பது வியாபாரிகளின் நியாயம். இதைத் தப்பான சூத்திரம் என்பதைவிட விலை பேசும் வழக்கம் என்றே சொல்வேன். விற்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொல்கிற விலை கால் சுற்றுக் கன அடிக்கா, முழுக் கன அடிக்கா? கால் சுற்றில் அளந்துவிட்டு 'கழிவு' என்று இன்னொரு முறை கழித்தால், அப்போது சண்டை போடலாம்.

என் கையில் டேப் மட்டும் இருந்தால் சுற்றளவின் வர்க்கத்தை 7ஆல் பெருக்கி 88ஆல் வகுப்பேன் (இந்த 88 தடியின் சுற்றளவு அல்ல, 4 × 22). 22/7ஆ, 3.1416ஆ என்று மல்லுக்கட்டுவது வீண். இரண்டுக்கும் வித்தியாசம் இங்கே கால் சதுர செ.மீ. டேப் ஒரு செ.மீ. தொய்ந்து 89 காட்டினால் பரப்பு 14 சதுர செ.மீ. ஏறிவிடும். அதோடு தடி கோணல்மாணலாக இருந்தால், டேப்பை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் விடை கூடுதலாகத்தான் வரும், ஏனென்றால் ஒரே சுற்றளவுக்குள் அதிகப் பரப்பை அடக்குவது வட்டம்தான்.