உடலசைவு இயக்குநருக்கு மேடையா, திரையா?

பதினோரு ஆண்டுகள் சென்னையில் உடலசைவு இயக்குநராக நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் மாறி மாறி வேலை பார்த்த பிறகு, சென்ற ஆண்டிலிருந்து என் நாள்களை முதலில் மேடைக்கு ஒதுக்குவது, மிஞ்சியதைத் திரைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவருக்கு இரண்டில் எது பொருந்தும் என்பதை அந்த முடிவின் பின்னணியில்தான் எழுதுகிறேன். ஆகவே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பாட்டுக்கு ஆட்டம் அமைப்பவர் நடன இயக்குநர். அடிதடியை அடிபடாமல் நடத்தித் தருபவர் சண்டைப் பயிற்சியாளர். இவ்விருவரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. ஒரு பாத்திரம் எப்படி நிற்கிறது, மூச்சை எங்கே பிடித்துவைக்கிறது, மேடைக்கு வரும் இருபது பேர் ஒரே ஊர்க்காரர்களாகத் தெரிவது எதனால் என்பவற்றைக் கவனிப்பதே உடலசைவு இயக்குநரின் வேலை. 'பொகீமியன் ராப்சடி' (2018) படத்தில் குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியாக நடித்த ராமி மாலெக், நடன அமைப்பாளரோடு நின்றுவிடாமல் பாலி பென்னட் என்ற உடலசைவுப் பயிற்றுநரோடு வேலை செய்தார். மெர்குரியின் ஆட்டத்தைப் படியெடுப்பதைவிட, அந்த மனிதர் ஏன் அப்படி அசைந்தார் என்பதைக் கண்டுபிடிப்பது அவருக்குத் தேவையாக இருந்தது.

வருமானத்தில் திரை முந்துகிறது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஒன்றரை மாத நாடக ஒத்திகைக்கு எனக்குக் கிடைத்ததைவிட அதிகமாக நான்கு நாள் படப்பிடிப்பில் வாங்கியிருக்கிறேன். வீட்டு வாடகையைத் திரைதான் கட்டியது. பெயர் போடுவதில் மட்டும் மேடை நேர்மையாக இருக்கிறது: நாடகத்தின் துண்டறிக்கையில் இயக்குநர் பெயருக்கு இரண்டு வரி கீழே என் பெயர் வந்துவிடும். திரையில் நடனத்துக்கும் சண்டைக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. இரண்டிலும் சேராத நான், சில படங்களில் 'நன்றி' பட்டியலில் உணவகக்காரருக்கு அடுத்து வந்திருக்கிறேன்.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒத்திகை நாள்களின் எண்ணிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாடகத்தில் வேலை செய்தேன். ஒத்திகைக்கு 32 நாள்கள் கிடைத்தன. நடிகர்களைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்று குழித்தறியின் (குழிக்குள் கால்விட்டு மிதித்து நெய்யும் தறி) முன் உட்காரவைத்தோம். திரும்பி வந்த முதல் வாரம் முழுக்க அவர்கள் செய்தது கையை நெய்வதுபோல ஆட்டிக் காட்டியதுதான். பார்த்ததும் உடல் முதலில் பிடித்துக்கொள்வது மேலோட்டமான சாயலை மட்டுமே. இரண்டாம் வாரத்தில் உயரமான பலகையின் விளிம்பில் உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்தச் சொன்னேன். கை தானாகக் காலைப் பின்தொடரத் தொடங்கியது, பேச்சின் வேகமும் மாறியது. பத்தொன்பதாம் நாள், மூத்த நெசவாளராக நடித்தவர் தறியைவிட்டு எழும்போது உடனே நிமிராமல், இரு கைகளையும் விளிம்பில் ஊன்றி, ஒவ்வொரு காலாகக் குழியிலிருந்து இழுத்துப் போட்டு, எழுந்திருக்காமல் அப்படியே ஒரு கணம் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது. காஞ்சிபுரத்தில் அவர் பார்த்ததும், நாள்கணக்கில் பலகையில் உட்கார்ந்து அவர் இடுப்பு பட்ட வலியும் சேர்ந்து அதைச் செய்தன. அந்த ஒரு கணத்துக்குப் பிறகு, அவருடைய வறுமையைப் பற்றி எழுதப்பட்டிருந்த இரண்டு வசனங்களை இயக்குநர் வெட்டிவிட்டார்.

பிற்பாடு ஒரு படத்தில் ஏறக்குறைய இதே வேலை வந்தது. படப்பிடிப்பு நாள் காலையில் கேரவனில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதிலும் பாதி ஒப்பனைக்குப் போயிற்று. நடிகர் கெட்டிக்காரர், சொன்னதை உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் பிடித்துக்கொண்டது நாடக நடிகர்கள் முதல் வாரத்தில் செய்ததைத்தான். இரண்டாம் வாரம் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை. கேமராவும் மார்புக்கு மேல்தான் இருந்தது, கால் படச்சட்டத்துக்குள் வரவில்லை. எழுந்திருப்பதைத் தனியாக எடுத்தார்கள். படத்தொகுப்பில் அது போய்விட்டது. படத்தின் வேகத்துக்குத் தொகுப்பாளர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். என் வருத்தம் வெட்டியதில் இல்லை, வெட்டினாலும் குறை தெரியாத அளவுக்கு மேலோட்டமான ஒன்றைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது என்பதில்.

நாள் கொடுத்தால் திரையாலும் இதைச் செய்ய முடியும். 'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்' (2014) படத்தில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்காக நடிக்க எடி ரெட்மெய்ன், உடலசைவு இயக்குநர் அலெக்சாண்ட்ரா ரெனால்ட்ஸுடன் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்; இயக்கு நரம்பு நோயால் பாதிக்கப்பட்டவர்களையும் நேரில் சந்தித்தார். திரைப்படக் காட்சிகள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை என்பதால், ஹாக்கிங்கின் உடலில் எந்தக் கட்டத்தில் எந்தத் தசை செயலிழந்திருந்தது என்று ஒரு அட்டவணையே தயாரித்து வைத்திருந்தார். மேடையில் இந்தத் தொல்லை கிடையாது. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை உடல் வரிசையாகவே தளர்கிறது. ஆனால் அத்தனை மாதங்கள் தரும் தயாரிப்பு நிறுவனத்தை என் பதினோரு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை.

மேடைக்கும் ஒரு பெரிய தலைவலி உண்டு, அது பராமரிப்பு. திரையில் ஒருமுறை பதிவானது அப்படியே இருக்கும். மேடையில் பத்தாவது முறை நாடகம் போடுவதற்குள் அசைவு தேய்ந்துவிடும். கைதட்டல் வாங்கிய இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், வாங்காத இடம் சுருங்கும். 2007-இல் இலண்டன் நேஷனல் தியேட்டரில் தொடங்கிய 'வார் ஹார்ஸ்' நாடகத்தில், ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் உருவாக்கிய பெரிய குதிரைப் பொம்மை ஒவ்வொன்றையும் மூன்று பேர் இயக்கினார்கள். மூவரும் ஒரே மூச்சில் இருந்தால்தான் அது குதிரை, இல்லாவிட்டால் பிரம்புச் சட்டம். உடலசைவுக்குப் பொறுப்பேற்றவர் டோபி செட்ஜ்விக். நாடகம் இலண்டனில் 2016 வரை ஓடியது, இடையில் இயக்குபவர்கள் பலமுறை மாறினார்கள். ஒவ்வொரு குழுவும் அந்த மூச்சை முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. நம் ஊரில் பெரும்பாலான நாடகங்கள் ஐந்தாறு முறை போடுவதோடு நின்றுவிடுவதால் இந்தத் தலைவலி குறைவு. அதை நல்ல செய்தி என்று சொல்ல மனம் வரவில்லை.

அசைவுப் பதிவு (மோஷன் கேப்சர்: நடிகரின் அசைவைக் கணினியில் பதிவுசெய்து பாத்திரத்துக்குக் கொடுப்பது) வேலையில் என் அனுபவம் ஒரு விளையாட்டு விளம்பரத்துக்காகச் செய்த இரண்டு நாள் மட்டுமே. ஆகவே அதைப் பற்றிய என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும், திரைப் பக்கத்தில் என்னை இழுக்கும் ஒரே கிளை அதுதான்: அங்கே படச்சட்டம் பிறகுதான் வருகிறது, முழு உடலும் பதிவாகிறது. 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' வரிசையில் நடிகர்களுக்குக் குரங்கின் உடலைக் கற்றுக்கொடுத்த டெரி நோட்டரி, சர்க்கஸிலிருந்து வந்தவர். கைகளை நீட்டிக்கும் கோல்களைக் கொடுத்து நாலுகாலில் நடக்கப் பழக்கினார். அந்தரங்க நெருக்கக் காட்சிகளை ஒருங்கிணைக்கும் பணி வேறொரு கிளை. அதற்குத் தனிப் பயிற்சியும் சட்ட அறிவும் வேண்டும் என்பதால் நான் ஒதுங்கியே நிற்கிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை இரண்டு வழிக்கும் வாசல் ஒன்றுதான், அது மேடையின் பக்கம் இருக்கிறது. பாரிஸில் ஜாக் லெகோக் 1956-இல் தொடங்கிய பள்ளியும், உடலசைவு இயக்கத்தையே முதுநிலைப் படிப்பாக வைத்திருக்கும் இலண்டன் ராயல் சென்ட்ரல் பள்ளியும் செலவு தாங்குபவர்களுக்கு. இங்கே ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்து அடவுகளை நவீன நடிகரின் உடலுக்குக் கொண்டுவந்தது; பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அந்த வழியில் திரைக்கு வந்தவர்கள். ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடக மையத்தில், கேரளத்துச் சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்திலிருந்து எடுத்த மூச்சுப் பயிற்சியை நடிப்புக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் சொந்தக் கல்வி ஒரு கூத்து வாத்தியாரிடம் மூன்று பருவம். புஜக்கட்டையும் (தோளில் கட்டும் அணி) கிரீடமும் கட்டிக்கொண்டு கிறுக்கி (வேகமாகச் சுழலும் கூத்து அடவு) சுற்றிய பிறகுதான், வேடத்தின் எடை தோளை எங்கே நிறுத்துகிறது என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பாடத்தை இதுவரை மேடையிலும் திரையிலும் ஒருசேரப் பயன்படுத்தியிருக்கிறேன்.

இப்போதும் திரையிலிருந்து அழைப்பு வந்தால் மறுப்பதில்லை. சம்பளம் பேசுவதற்கு முன் பத்து நாள் ஒத்திகை கேட்கிறேன். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. போன மாதம் ஒரு தயாரிப்பாளர் ஆறு நாளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார், அதில் நான்கு நாளுக்குக் கதாநாயகரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஏற்பது மீனவர் வேடம் என்பதால், முதல் இரண்டு நாளைக் காசிமேட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன்.