அப்பத்தாவின் தவலைக்கு ஈயம் பூசினேன்: மதுரை பட்டறை அனுபவம்

முதலில் விவரம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்காக: மதுரை வெண்கலக்கடைத் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள், பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் ஈயம் (வெள்ளீயம், அதாவது tin) பூசுகிற பட்டறை இருக்கிறது. பலகை எதுவும் கிடையாது, பாத்திரக் கடையில் கேட்டால் வழி காட்டுவார்கள். நான்கு பித்தளைப் பாத்திரங்கள் கொடுத்தேன். தவலைக்கு 600, சருவம் என்கிற அகன்ற வாய்ப் பாத்திரத்துக்கு 500, இரண்டு அடுக்குப் பாத்திரத்துக்கும் சேர்த்து 550, ஆக மொத்தம் 1,650 ரூபாய். மூன்று அருமையாக வந்தன, ஒன்றை மறுபடியும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி ஒன்பது நாள் ஆனது. இவ்வளவுக்கும் பிறகு, வீட்டில் பழைய பித்தளை வைத்திருக்கிற எல்லாரையும் போய்ப் பூசிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்தப் பாத்திரங்கள் மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுப் பரணில் கிடந்தவை. அப்பத்தா போன பிறகு வீட்டை ஒழித்தபோது நகையையும் பத்திரத்தையும் பற்றி எல்லாரும் பேசினார்கள், பித்தளையை யாரும் கேட்கவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார், அவர் சொன்னதிலும் தப்பில்லை, உள்பக்கம் ஈயம் முழுக்கத் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தது, அப்படியே வைத்துச் சமைக்க முடியாது. நான் தவலையைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக அப்பத்தாவின் முதலெழுத்தும் 1958 என்ற வருஷமும் வெட்டியிருந்தது. அவர் கல்யாணச் சீரில் வந்தது. என் வீட்டில் ஆறு வருஷத்தில் மூன்று நான்ஸ்டிக் சட்டிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், மேல்பூச்சு உரிந்தால் அதற்கு வைத்தியமே இல்லை, குப்பைதான். இந்தத் தவலை அறுபது வருஷத்துக்கு மேல் இருந்து இன்னும் உழைக்கத் தயாராக நிற்கிறது. அதை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

சின்ன வயதில் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார், வேப்ப மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, கரியைப் போட்டுத் துருத்தியை ஊதுவார். தெருவே பாத்திரத்தோடு வந்து நிற்கும். அப்பத்தா காசு கொடுத்தது பாதி, கம்பும் கேப்பையும் படியில் அளந்து கொடுத்தது பாதி. அன்றைக்கு மட்டும் மண்சட்டியில் சமையல் நடக்கும்.

அப்பத்தா வீட்டில் எந்தப் பொருளும் ஒரு வேலையோடு முடியாது. குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை ஒரு கலயத்தில் சேர்த்து வைத்திருப்பார், பித்தளையின் வெளிப்பக்கம் துலக்க அதுதான். அடுப்புச் சாம்பல் மற்றப் பாத்திரத்துக்கு, தேங்காய் நார் தேய்க்க, கழுவிய தண்ணீர் வாழைக்கு, அரிசி களைந்தது மாட்டின் கழுநீர்த் தொட்டிக்கு. கிழிந்த வேட்டிதான் பாத்திரம் துடைக்கும் துணி. மழை பொய்த்த ஒரு வருஷம் பெரிய அண்டாவை அடகு வைத்து விதை வாங்கியதையும் அறுவடை முடிந்ததும் முதல் வேலையாகப் போய் மீட்டதையும் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு பாத்திரத்தை விற்கலாம் என்று யாராவது சொன்னால், "ஓட்டை விழுந்தா அடைக்கணும், ஈயம் போனா பூசணும், இதுக்குப் போயி விப்பாகளா?" என்பார். அந்தக் குரல் காதில் கேட்டுத்தான் பட்டறையைத் தேடிப் போனேன்.

இனி பட்டறையைப் பற்றி. வேலை செய்கிறவர் அறுபது வயதைத் தாண்டியவர், கூட ஒரு பையன். அண்ணே, பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன், ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். முதலில் மணலும் புளியும் போட்டு உள்பக்கத்தைத் தேய்த்து அழுக்கையும் களிம்பையும் எடுத்தார்கள். பூச்சு நிற்பதும் உரிவதும் இந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது என்றார். பிறகு கரி அடுப்பில் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சூடேற்றி, உள்ளே நவச்சாரப் பொடியை (அமோனியம் குளோரைடு என்கிற உப்பு) தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை, மூக்கில் சுருக்கென்று ஏறுகிற நெடி. சூடு பட்டதும் நவச்சாரம் பிரிந்து, உலோகத்தின் மேல் படிந்திருக்கிற ஆக்சைடைத் தின்றுவிடுகிறது, அப்போதுதான் ஈயம் ஒட்டும். உடனே வெள்ளீயக் குச்சியை உள்ளே இரண்டு இழுப்பு இழுத்தார், அது மெழுகு மாதிரி உருகியது, பஞ்சை வைத்து ஒரே சுற்றாகத் துடைத்தார். மஞ்சளாக இருந்த தவலை கண்ணெதிரே வெள்ளி மாதிரி ஆனது, அடுத்த நொடியே தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிவிட்டார். மொத்தமே சில நிமிஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை மட்டும் காரணமில்லை.

இந்தப் பூச்சு எதற்கு என்று தெரியாமல் பலர் பித்தளையை அழகுக்கு வாங்கி அப்படியே சமைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி, தக்காளி, மோர், எலுமிச்சை மாதிரிப் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும், பச்சையாகக் களிம்பு பிடிக்கும், குமட்டல் வாந்தி வரைக்கும் போகலாம். அதனால்தான் உள்ளே வெள்ளீயப் பூச்சு. சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. பொங்கல் வைக்கிற வெண்கலப் பானை வேறு, அது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், வீடுகளில் பூச்சு இல்லாமலே பொங்கலும் சோறும் வைப்பார்கள்.

ஈயம் என்று பொதுவாகச் சொன்னாலும் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் நஞ்சு, குழந்தைகளுக்கு மூளையையே பாதிக்கும். விலை குறைவு என்பதால் காரீயம் கலந்த ஈயத்தில் பூசுகிறவர்களும் உண்டு. முதலில் நான் வேறோர் ஊரில் விசாரித்த இடத்தில், எந்த ஈயம் என்று கேட்டதற்கே பதில் சொல்லவில்லை, அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மதுரைக்காரர் கேட்கும் முன்பே குச்சியை எடுத்துக் கையில் கொடுத்தார். வெள்ளைத் தாளில் தேய்த்துக் காட்டினார், காரீயம் இருந்தால் பென்சில் கோடு மாதிரிக் கறுப்பாக விழும் என்றார், விழவில்லை. இது வீட்டளவு சோதனைதான், ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் பிடிபடாது. ஆனாலும் கேட்டு, பார்த்து, பிறகு கொடுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

குறை என்று பார்த்தால், சருவத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஈயம் ஏறவே இல்லை, மஞ்சள் திட்டாக நின்றது. அவசரத்தில் பையன் பூசியது என்று பெரியவரே ஒத்துக்கொண்டு காசு வாங்காமல் மறுபடி பூசிக் கொடுத்தார், ஆனால் எனக்கு ஒரு நாள் விடுப்பும் பஸ் செலவும் போயிற்று. வாங்கும்போது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நாள் விஷயத்தில் அவர்களுக்கு ஒரு போன் செய்து சொல்கிற பழக்கம் இல்லை, அதுவும் மாற வேண்டும். பட்டறையில் புகை போக வழியும் சரியாக இல்லை, அவர் இருமிக்கொண்டே வேலை செய்வதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது மூன்று மாதமாக அடுக்கில்தான் சாம்பாரும் ரசமும். அடி பிடிப்பது குறைந்திருக்கிறது, சூடு நெடுநேரம் நிற்பதால் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைத்தால் மீதி தானாகவே வெந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வருகிறது, நான் குறித்து வைத்துச் சொல்கிறேன். பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே கூடாது, வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், முதலில் தண்ணீரோ பருப்போ உள்ளே விழுந்த பிறகுதான் தீ. தாளிப்பு தனிக் கரண்டியில். மரக் கரண்டியால் கிளற வேண்டும். உள்பக்கம் கம்பி நாரும் வேண்டாம், புளிச் சக்கையும் வேண்டாம், தேங்காய் நாரோ மென்மையான ஸ்பாஞ்சோ போதும். புளிப்புக் குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே விடக் கூடாது. தினமும் புழங்கினால் ஒரு வருஷத்தில் மறுபடி பூச வேண்டி வரும், மஞ்சள் எட்டிப் பார்த்தால் அதற்கு முன்பே.

அதே அளவில் புதுத் தவலை என்ன விலை என்று அந்தத் தெருவிலேயே கேட்டேன், 5,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். என்னுடையது 600 ரூபாயில் புதுசாகிவிட்டது. என் மகள் அந்த 1958-ஐ விரலால் தடவிப் பார்த்து, இது யார் வெட்டியது, எதால் வெட்டியது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அடகுக்குப் போய் மீண்டு வந்த அந்த அண்டா இன்னும் ஊரில் பரணில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏற்ற முடியாது, பட்டறைக்காரர் பெரிய பாத்திரம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரச் சொன்னார், கரி அதிகம் வேண்டுமாம். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சித்தப்பாவிடம் கேட்டு வண்டி வைத்து எடுத்துவரப் போகிறேன், அதற்குள் அவர் எடைக்குப் போடாமல் இருக்க இப்போதே போன் செய்து சொல்லிவிட்டேன்.