பாரபென் இல்லாத புட்டியும் பச்சை இலை போட்ட புட்டியும்: ஓர் ஒப்பீடு

வீட்டுக்கும் உடம்புக்கும் வாங்கும் பொருட்களில் எது நல்லது என்று பேச ஆரம்பித்தால், பெரும்பாலும் 'இயற்கையா, கெமிக்கலா' என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறோம். அதை மட்டும் வைத்து நல்ல முடிவுக்கு வர முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நான் கேட்பது மூன்று. இது தோலில் தங்குமா, உடனே கழுவிப் போய்விடுமா? மூச்சோடு உள்ளே போகுமா? கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் என்ன செய்யும்? இப்படிக் கேட்டுப் பார்த்தால், பச்சை என்று பெயர் வாங்கிய சில பொருட்கள் தோற்றுப் போகின்றன. யாரும் பெரிதாக மதிக்காத பழைய பொருட்கள் சில முன்னுக்கு வருகின்றன.

பாரபென் உள்ளதும் இல்லாததும்

தண்ணீர் கலந்த எந்த கிரீமும் ஷாம்பும் பிரிசர்வேட்டிவ், அதாவது கெடாமல் காக்கும் பொருள், இல்லாமல் நிற்காது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்துவிடும். அந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தவை பாரபென்கள். 2004-ல் பிரிட்டனில் வெளியான ஒரு சிறிய ஆய்வு, மார்பகக் கட்டித் திசுவில் பாரபென் இருந்ததாகச் சொன்னது. அதுதான் கட்டிக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் பயம் பரவியது. 'பாரபென் இல்லை' என்ற வரி லேபிள்களில் ஏறியது.

சரி, பாரபென் போன இடத்துக்கு எது வந்தது? பல பொருட்களில் வந்தது மீத்தைல் ஐசோதயசோலினோன். சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களிடம் அரிப்பு, தடிப்பு, கொப்புளம் என்று வருபவர்கள் கூடிவிட்டார்கள். அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் அதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பூசிக்கொண்டு அப்படியே விடும் கிரீம், லோஷன் வகைகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை போட்டது. அதே மருத்துவர் சங்கம் 2019-ல் பாரபென்களை, ஒவ்வாமை தராத பொருள் என்று தனியாக எடுத்துக் காட்டியது.

இதனால் எல்லா பாரபென்களும் சுத்தமானவை என்று ஆகிவிடாது. ஐசோபுரோப்பைல், ஐசோபியூட்டைல் உட்பட ஐந்து வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் விலக்கியது. புரோப்பைல், பியூட்டைல் வகைகளுக்கு அளவுக் கட்டுப்பாடும் வந்தது. ஹார்மோன் வேலையில் தலையிடுமோ என்ற சந்தேகம் இந்தப் பெரிய மூலக்கூறுகளைப் பற்றித்தான் அதிகம். மீத்தைல், எத்தைல் பாரபென்கள் குறித்த கவலை அதைவிடக் குறைவு.

என் தேர்வு இப்படி. எளிதில் தடிக்கும் தோலுக்கு, 'பாரபென் இல்லை' என்று எழுதிய லோஷனைவிட மீத்தைல் பாரபென் உள்ள, வாசனை சேர்க்காத லோஷன் மேல். அதைவிட மேல், தண்ணீரே சேராத தைலமோ களிம்போ. அதற்கு அநேகமாக பிரிசர்வேட்டிவ் தேவைப்படாது. 'இல்லை' என்று சொல்லும் எந்த லேபிளைப் பார்த்தாலும், அந்த இடத்துக்கு எது வந்திருக்கிறது என்று பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கட்டி சோப், திரவ சோப், சின்டெட்

சூழலை வைத்துப் பார்த்தால் கட்டி சோப்தான். தண்ணீர் மிகக் குறைவு, காகித உறை போதும், ஏற்றி இறக்க எடை கம்மி, திரவ சோப்பைப் போல பிரிசர்வேட்டிவை நம்பி நிற்பதில்லை. திரவ சோப்பில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு அழுத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கையில் விழும். பம்பில் உலோக ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்திருப்பதால் அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதும் கடினம்.

தோலை வைத்துப் பார்த்தால் கதை வேறு. எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த அசல் சோப்பின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9 முதல் 10 வரை போகும். தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, 5-க்குப் பக்கத்தில் இருக்கும். வறண்ட தோல், எக்ஸிமா உள்ளவர்களுக்கு 'சின்டெட்' எனப்படும் செயற்கைக் கட்டி நல்லது. பார்ப்பதற்கு சோப் மாதிரியே இருந்தாலும் பிஎச் தோலுக்கு நெருக்கமாக இருக்கும். கையால் செய்த இயற்கை சோப் என்ற பெயர் அங்கே உதவாது. காரத்தன்மை அதிலும் அதேதான்.

கிருமி கொல்லும் சோப் பற்றி ஒரு வார்த்தை. டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களை, வீட்டு உபயோகக் கிருமிநாசினி சோப்களில் விற்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் உத்தரவிட்டது. சாதாரண சோப்பும் தண்ணீரும் தருவதைவிடக் கூடுதல் பயன் இருப்பதாகத் தயாரிப்பாளர்கள் காட்ட முடியவில்லை. ஆகவே தினசரிக் கைகழுவலுக்கு அந்த வகையே வேண்டாம்.

வினிகர், பிளீச், சோப் தண்ணீர்

வீட்டைச் சுத்தம் செய்யும் பொருட்களில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். வினிகரில் உப்புக்கறை, குழாய்முனையில் படியும் சுண்ணாம்பு, கண்ணாடி மங்கல் போகும். ஏனென்றால் அது அமிலம். எண்ணெய்ப் பிசுக்கில் அதற்கு வேலை இல்லை. மார்பிள், சுண்ணக்கல் தளங்களில் ஊற்றினால் பளபளப்பு போய்விடும். பேக்கிங் சோடாவுடன் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்கிவிட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட்டும்தான். இரண்டையும் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துவதே பலன் தரும். பேக்கிங் சோடாவைத் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள், வினிகரை உப்புக்கறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளீச் கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அந்தக் குளியலறைக்கு அதுதான் ஏற்றது. ஆனால் வினிகரோடு, அல்லது வேறு எந்த அமிலத்தோடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். கழிவறை கிளீனர்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. ஒன்றைப் போட்டு நன்றாகக் கழுவிவிடாமல் இன்னொன்றை ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பிளீச்சுக்கு நல்ல மாற்று. வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அதையும் வினிகரோடு ஒரே புட்டியில் கலக்கக் கூடாது, அரிக்கும் பெராசிட்டிக் அமிலம் உண்டாகும்.

மற்ற நாட்களில்? மேஜை, தரை, அடுப்பு மேடை எல்லாவற்றுக்கும் சோப் தண்ணீரும் துணியும் போதும். நாள் தவறாமல் கிருமிநாசினி அடிக்க வேண்டிய காரணம் சாதாரண வீட்டில் இல்லை. அந்த ஸ்ப்ரேக்கள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்றவை தோலையும் மூச்சுக்குழாயையும் எரிச்சலூட்டும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

நான் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எந்தத் திரவம் என்பதைவிட எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு நீண்டகால ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையிலோ சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், செய்யாத பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. சுத்தம் செய்யும் வேலை யார் தலையில் விழுகிறதோ அவர்கள் மூச்சில்தான் இந்தத் துளிகளும் போகின்றன. ஸ்ப்ரே அடிக்கும்போது திரவம் நுண்துளிகளாகி நுரையீரல் வரை போகும். அதையே துணியில் ஊற்றித் துடைத்தால் பெரும்பகுதி துணியிலேயே நிற்கும். பச்சை ஸ்ப்ரேயா, பழைய ஸ்ப்ரேயா என்று யோசிப்பதற்கு முன் ஸ்ப்ரேயையே விட்டுவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

செயற்கை வாசனை, நறுமண எண்ணெய், ஒன்றுமில்லாமை

லேபிளில் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் பொருட்கள் ஒளிந்திருக்கலாம். இதற்குப் பயந்து பலர் நறுமண எண்ணெய்க்கு மாறுகிறார்கள். லாவெண்டர், எலுமிச்சைத்தோல் எண்ணெய்களில் இருக்கும் லினலூல், லிமொனீன் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் ஆகும்போது ஒவ்வாமை தூண்டும் பொருட்களாக மாறுகின்றன. லிமொனீன் காற்றில் உள்ள ஓசோனோடு வினைபுரிந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகள்களும் உண்டாகும். டீ ட்ரீ எண்ணெயை ஒரு குழந்தை விழுங்கினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். செடியிலிருந்து வந்ததாலேயே எதுவும் சாதுவாகிவிடாது.

மூன்றில் ஒன்றுமில்லாமைதான் ஜெயிக்கிறது, அதுவும் பெரிய இடைவெளியில். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், வாசனை சேர்க்காததற்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன். இதில் ஒரு கவனம் வேண்டும். 'வாசனை தெரியாதது' என்று எழுதிய பொருளில் மற்ற நாற்றத்தை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை' என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

துணி துவைக்க

தூள், திரவம், ஒரு தடவைக்கான சலவைப் பொருளை அடைத்த சிறு பை போன்ற 'பாட்', காகிதம் போன்ற தாள், பூந்திக்கொட்டை என்று வரிசை நீள்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அட்டைப்பெட்டியில் வரும், பாஸ்பேட் இல்லாத தூள் போதும். பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கி, ஆக்சிஜனைக் குறைத்து மீன்களைக் கொல்வதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சலவைப் பொருட்களில் அதற்கு வரம்பு வைத்தது. தூளில் தண்ணீர் இல்லாததால் பிரிசர்வேட்டிவும் வேண்டாம். சோடியம் பெர்கார்பனேட் சேர்ந்த தூள் என்றால் குளோரின் இல்லாமலேயே வெளுக்கும். பாட்களும் தாள்களும் அளவுக்கு மீறிப் போடுவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் பாட்கள் மிட்டாய் போல இருப்பதால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக் கடித்து, கண், தொண்டை வெந்து போன சம்பவங்கள் நிறைய. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அவை வேண்டவே வேண்டாம்.

பூந்திக்கொட்டையின் நுரைக்குக் காரணம் சபோனின். லேசான அழுக்குக்கும் மென்மையான துணிக்கும் பரவாயில்லை, எண்ணெய்க் கறைக்குப் போதாது. நீரில் மட்கிவிடும். ஆனால் சபோனின் மீன்களுக்கு நஞ்சு, நேராகக் குளத்தில் கொட்டக் கூடாது.

சூடான நீரில் துவைத்தால், மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. குளிர்ந்த நீருக்கு மாறுவது எந்தப் புட்டியை மாற்றுவதைவிடவும் பெரிய மாற்றம். என்சைம் உள்ள தூள் அதற்குத் தோதானது. செயற்கை இழைத் துணி உதிர்க்கும் நுண்ணிழைகள் இன்னொரு கவலை. கடலில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் இப்படி வருவதாக ஐயூசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) 2017 அறிக்கை மதிப்பிட்டது. மெஷினை நிரப்பி, குறைந்த நேரச் சுற்றில் போட்டால் உதிர்வு குறையும். துணியை மென்மையாக்கும் திரவம் தேவையே இல்லை. துண்டின் நீர் உறிஞ்சும் திறனைத்தான் அது கெடுக்கும்.

பல், வெயில், மாதவிடாய்

பற்பசையில் சமரசம் வேண்டாம். ஃபுளோரைடு உள்ள பற்பசை பல் சொத்தையைத் தடுக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கரி பற்பசைக்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை, எனாமலை உராயும் ஆபத்துதான் இருக்கிறது. டியூப் வேண்டாம் என்றால் ஃபுளோரைடு சேர்த்த மாத்திரை வடிவம் கிடைக்கிறது. மூங்கில் பிரஷ் வாங்கினால், அதன் இழைகள் பெரும்பாலும் நைலான்தான். குப்பையில் போடுமுன் பிடுங்கி எடுக்க வேண்டும்.

சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு வகை என் தேர்வு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளவற்றை விற்க ஹவாய் 2018-ல் சட்டம் இயற்றி, 2021 முதல் தடை செய்தது பவளப்பாறைகளுக்காக. ஆனால் கையில் அந்த வகை மட்டும்தான் இருக்கிறது என்றால் பூசாமல் வெயிலில் நிற்காதீர்கள். புறஊதாக் கதிரால் தோல் புற்றுநோய் வரும் என்பது ஐயமில்லாத உண்மை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எந்தக் கிரீமுக்கும் முன்னால் வரவேண்டும்.

மாதவிடாய்க் கோப்பை பற்றி 2019-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த தொகுப்பாய்வு, அது பாதுகாப்பானது, கசிவிலும் நாப்கினுக்கும் டாம்பனுக்கும் ஏறக்குறைய சமம் என்று சொன்னது. மருத்துவத் தர சிலிகான் கோப்பை பல ஆண்டுகள் வரும். பழகச் சில சுழற்சிகள் ஆகலாம். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யத் தண்ணீரும் தனிமையும் வேண்டும். அந்த வசதி இல்லாதவரிடம் போய் இதைக் கட்டாயப்படுத்துவது நியாயமில்லை.

எந்த முத்திரையை நம்பலாம்

'இயற்கை', 'சூழலுக்கு இனியது', 'தோல் மருத்துவர் பரிசோதித்தது' போன்ற வரிகளைத் தயாரிப்பாளரே எழுதிக்கொள்ளலாம். வெளியார் சோதித்துத் தரும் முத்திரைகள் வேறு ரகம். ஜெர்மனியின் நீலத் தேவதை 1978-லிருந்து, நார்டிக் அன்னம் 1989-லிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் மலர் முத்திரை 1992-லிருந்து இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சேஃபர் சாய்ஸ், சுத்தம் செய்யும் பொருட்களின் மூலப்பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. துள்ளும் முயல் சின்னம், விலங்குகள் மீது சோதிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. பொருள் தோலுக்கு நல்லதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பாதிப் புட்டிகளைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். தடிப்பு தராதவரை ஷாம்பும் லோஷனும் தீரும்வரை ஓடட்டும், தீர்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். காத்திருக்கக் கூடாதவை இரண்டு: தோலை எரிச்சலூட்டும் கிரீம், பெயர் அழிந்துபோன கிளீனர் புட்டி. பெயர் தெரியாத திரவத்தை வேறெதோடும் கலக்காமல் மூடி, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.