குழந்தைகளின் ஈசிஜி: இயந்திரத்தின் முடிவா, வயது அட்டவணையா?

ஈசிஜி தாளின் மேல் ஓரத்தில் இயந்திரமே அச்சடித்துத் தரும் முடிவை ஏற்பதா, வயதுவாரி இயல்பு அளவுகளின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமே அளந்து படிப்பதா? குழந்தைகளைப் பொறுத்தவரை நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். அச்சு வரிகளை இப்போது கடைசியில்தான் பார்க்கிறேன்.

இயந்திரத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துடிப்பு வேகத்தையும் இடைவெளிகளையும் நொடியில் கணக்கிடும்; பதிவு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வயதில்தான் எல்லாம் மாறுகிறது. கருவில் இதயத்தின் வலது கீழறைக்கே வேலை அதிகம். அதனால் பிறந்த குழந்தைக்கு மின் அச்சு (இதய மின்னோட்டத்தின் மொத்தத் திசை) வலப்புறம் சாய்ந்திருப்பதும், நெஞ்சின் வலப்புற மின்முனையான வி1-இல் ஆர் அலை (கீழறைகள் தூண்டப்படும்போது மேலெழும் முனை) உயர்ந்து நிற்பதும் இயல்பு. கீழறைகள் மின்னளவில் மீள்வதைக் காட்டும் டி அலையின் கதை இன்னும் நுட்பமானது. முதல் சில நாட்களில் வி1-இல் அது மேல்நோக்கி இருக்கலாம். ஒரு வாரத்துக்குள் கீழ்நோக்கித் திரும்பி, 8 வயது வரையிலாவது பொதுவாக அப்படியே இருக்கும். சிலருக்கு வளரிளம் பருவம் வரைகூட நீளும். ஐந்து வயதுக் குழந்தையின் தலைகீழ் டி அலையைப் பெரியவர்களின் அளவுகோலில் பார்த்தால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று தோன்றும். வீண் பயம்தான், ஆனால் ஆபத்தில்லை. இதற்கு நேரெதிரான பிழையே என்னைக் கவலைப்படுத்துகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு வி1-இல் டி அலை மேல்நோக்கி இருந்தால், பெரியவர்களின் கணக்கில் அது குறையற்ற வரைபடம். ஆனால் ஆர் அலையின் உயரம் சரியாக இருந்தாலும், வலது கீழறை தடித்திருப்பதற்கு அது ஒன்றே அடையாளமாக இருக்கலாம். பிறந்த தேதியைப் பதியாமல் விட்டால், நோயுள்ள குழந்தையை இயந்திரம் ‘இயல்பு’ என்று அனுப்பிவிடக்கூடும்.

அட்டவணையும் குறையற்றதல்ல. பரவலாகப் பயன்படும் டேவினான் அளவுகள் கனடாக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்டவை. 98-ஆம் சதமானத்தை மேல் எல்லையாக வைத்தால், நலமான குழந்தைகளிலும் நூற்றில் இருவர் அதைத் தாண்டுவார்கள். மின்னழுத்த உயரத்தை மட்டும் வைத்து இடது கீழறை தடித்துவிட்டது என்று நான் சொல்வதில்லை; எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கச் சொல்கிறேன்.

க்யூடி இடைவெளியையும் (கீழறைகள் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரம்) கையால்தான் அளக்கிறேன். அழும் குழந்தையின் வேகமான துடிப்பில், க்யூடியைத் துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்தும் பாசெட் சூத்திரம் அதைக் கூட்டிக் காட்டும். குழந்தை அமைதியான பிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.

குறைமாதக் குழந்தைகள், இதய அறுவை முடிந்தவர்கள் ஆகியோரின் வரைபடங்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றைக் குழந்தை இதய மருத்துவரிடமே அனுப்பிவிடுகிறேன். கைக்குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 220-ஐத் தாண்டி ஒரே சீராக ஓடினால் மட்டும் அட்டவணையைத் தேடக் கூடாது. அங்கே முதல் வேலை சிகிச்சை.