ஒரு செகண்ட் ஷட்டர், கடைசியில ஒரு ஃபிளாஷ்: பொண்ணு டான்ஸ் போட்டோ எடுத்த ஸ்டூடியோ பத்தி

பொண்ணுக்கு சலங்கை பூஜை முடிஞ்சதும் போட்டோ எடுக்க கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போனோம். அரைமண்டி போட்டு அசையாம நிக்கிற போட்டோ வேணாம்ப்பா, ஆடுறது தெரியணும்னு அவளே சொல்லிட்டா.

ரூம் லைட் எல்லாம் ஆஃப், பின்னாடி கருப்புத் துணி, ஓரத்துல ஒரே ஒரு மஞ்ச பல்பு, முன்னாடி ஃபிளாஷ். கேமரா ட்ரைபாட்ல, வெளிச்சம் அதிகமா ஏறாம இருக்க ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் முழுசா 1 செகண்ட் தொறந்திருக்கும். அந்த ஒரு செகண்டும் அவ சுத்துறது பல்பு வெளிச்சத்துல மஞ்சளா இழுபட்டு பதியுது, ஃபிளாஷ் கண்ணிமைக்கிறதுக்குள்ள அடிச்சு ஓஞ்சுடுறதால அந்த நொடியில முகம் எங்க இருக்கோ அங்க ஷார்ப்பா நின்னுடுது.

முதல் நாலஞ்சு ஷாட் சரியா வரல. ஃபிளாஷ் ஆரம்பத்துலயே அடிச்சதுல இழுவை எல்லாம் முகத்துக்கு முன்னாடி விழுந்து அவ பின்பக்கமா சுத்துற மாதிரி இருந்துச்சு, போட்டோ எடுத்த அண்ணன் உடனே ரியர் கர்ட்டன் சிங்க்குக்கு மாத்திட்டாரு, அதுல ஷட்டர் மூடுறதுக்கு முன்னாடிதான் ஃபிளாஷ் அடிக்கும். "தகதிமி சொல்லிட்டே சுத்தும்மா, ‘த’ல நான் அமுக்குறேன், ‘மி’ல நீ கேமராவப் பாரு"ன்னாரு. அவ்ளோதான், பாப்பா பிடிச்சுக்கிட்டா! அவருக்கு இருந்த பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

ஒரு போட்டோவுல ஜிமிக்கி ரெண்டும் காதைச் சுத்தி தங்கக் கம்பி மாதிரி கோடு போட்டிருக்கு, விரல் நுனி சிவப்பு அப்படியே தெளிவா இருக்கு, தாவணி மட்டும் புகை மாதிரி கலைஞ்சு போகுது. சொந்தக்காரங்க எல்லாம் போட்டோஷாப்பான்னு கேக்குறாங்க, இல்லங்க, கேமராவுலயே ஒரே ஷாட். 1949ல பிரான்ஸ்ல ஓவியர் பிகாசோ இருட்டுல சின்ன லைட்ட வச்சு காத்துல வரைஞ்சத லைஃப் பத்திரிகைக்கு எடுத்த படங்களும் இதே வழிதான், ஷட்டர தொறந்து வச்சு கோட்டைப் பிடிச்சு, ஆளுக்கு மட்டும் ஃபிளாஷ்.

ஒரே வருத்தம், முதல்ல அவ கட்டியிருந்த கரும்பச்சை பட்டு கருப்புத் துணியோட கலந்து உடம்பே தெரியல, நல்லவேளை கையில மாம்பழ மஞ்ச தாவணி இருந்துச்சு, மாத்துனோம், அதுல அரை மணி நேரம் போச்சு. இதை புக் பண்ணும்போதே சொல்லியிருக்கணும். பிரிண்ட்டும் ஸ்கிரீன்ல பாத்ததவிட கொஞ்சம் இருட்டு, கேட்டதும் மறுபடி போட்டுக் கொடுத்தாங்க.

ரெண்டு மணி நேரம், 8 போட்டோ, 3,500 ரூபா. போறவங்க வெளிர் கலர் பட்டு எடுத்துட்டுப் போங்க, ஜிமிக்கி கொஞ்சம் பெருசாவே போட்டுக்கங்க.