கோமின்கா என்ற ஜப்பானின் பழைய பண்ணை வீட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? தரையை மூடும் முன் தூண் அடியைப் பார்க்காமல் பெரும்பங்குப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

மதிப்பீட்டுத் தாளில் ‘இஷ்ஷிகி’ என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்று அர்த்தம். ஜப்பானின் நாகானோ மலைப்பக்கத்து கோமின்கா ஒன்றில் எங்கள் தலையில் மிளகாய் அரைத்தது இந்தச் சொல்தான். ‘தூண், தரை, குளிர்காப்பு: இஷ்ஷிகி’ என்று ஒரே வரி. எத்தனை தூண், எத்தனை சதுர மீட்டர், காப்பு எத்தனை மில்லிமீட்டர் கனம், எதுவும் கிடையாது. ஒப்பந்ததாரர் பெயர் வேண்டாம். செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

இந்தப் பழைய பண்ணை வீடுகளில் தூணை அஸ்திவாரத்தோடு பிணைத்திருக்க மாட்டார்கள். கல்லின் மேல் சும்மா நிற்கும். அடியில் காற்று ஓடுவதால்தான் மரம் காய்ந்தே இருக்கிறது. தூணின் அடி மட்கியிருந்தால், வீட்டை ஜாக்கியால் தூக்கி, கெட்ட பகுதியை அறுத்து, அதே அளவில் புது மரத்தைக் கொளுவி ஆப்படித்து இணைக்க வேண்டும். நெட்சுகி என்பார்கள். காசு வாங்கியது அதற்கு. செய்ததோ, பொந்தில் சிமெண்ட் கலவையை அடைத்து, சுற்றிப் பலகை அடித்து மறைத்தது. அது போதாதென்று தரைக்குக் கான்கிரீட் ஊற்றித் தூண் அடிகளையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். இனி ஈரம் அங்கேயே தங்கும், கரையான் கண்ணில் படாமல் ஏறும். நிலநடுக்கத்தில் கல்லின் மேல் நகர்ந்து தப்ப வேண்டிய தூண், அடி சிக்கிக்கொண்டால் குறுக்கு விட்டம் சேரும் துளையில் முறியலாம். மரம் மட்கியிருக்கிறதா என்று தூண் அடியை ஊசியால் குத்திப் பாருங்கள். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தை மூட விடாதீர்கள்.

அடுத்தது ஃபோம், அதாவது குளிர்காப்புக்குத் தெளிக்கும் நுரை. கூரைப் பலகையிலும் மண்சுவரிலும் நேரடியாக யூரித்தேன் அடித்தார்கள். சீக்கிரம் முடிகிற வேலை, அவர்களுக்கு அது போதும். வீடுகளுக்கு வழக்கமாக அடிக்கும் மென்மையான ரகம் நீராவியை விட்டுவிடும். அறைப் பக்கம் ஈரத்தடுப்புத் தாளும், வெளிப்பக்கம் காற்றோடும் இடைவெளியும் இல்லையென்றால் குளியல், சமையல் ஆவியெல்லாம் குளிர்ந்த பலகையில் போய் வியர்க்கும். கூரை ஒழுகினாலும் சீக்கிரம் தெரியாது. உரித்தால் சுவர் மண்ணும் சேர்ந்து வரும். முழு வீட்டையும் சூடாக்கும் ஆசையே தப்பு என்பது எங்கள் கட்சி. புழங்கும் இரண்டு மூன்று அறைகளுக்குத் தரைக்கட்டைகளுக்கு நடுவே காப்புப் பலகை, பழைய ஜன்னலுக்கு உள்ளே இன்னொரு ஜன்னல், இவ்வளவு செய்தாலே ஜனவரியைத் தாண்டிவிடலாம்.

காகிதத்திலும் தில்லுமுல்லு. இந்த மாதிரி புதுப்பிப்பில், கட்டுமான உரிமம் இல்லாதவர் பொதுவாக 50 லட்சம் யென்னுக்குக் குறைவான வேலைதான் எடுக்கலாம். அதனால் எங்கள் ஒப்பந்ததாரர் 48 லட்சம் வீதம் மூன்று ஒப்பந்தமாகப் பிரித்தார். ஒரே வேலையை இப்படித் துண்டு போட்டாலும் சட்டம் கூட்டித்தான் கணக்கிடும். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு மாடி மர வீட்டின் தூண், கூரை போன்ற முக்கிய உறுப்பு எதையாவது பாதிக்கு மேல் மாற்றினால் கட்டிட அனுமதி வேண்டும். ‘பழைய வீட்டுக்குத் தேவையில்லை’ என்று சொன்னால் நம்பாதீர்கள். நகராட்சி மானியமும் பெரும்பாலும் வேலை தொடங்கும் முன் ஒப்புதல் வாங்கினால்தான் கிடைக்கும்.

தவணையை இப்படிப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது கொஞ்சம், பழசைப் பிரித்துப் போட்டு, வெளிவந்த சேதத்தைப் பார்த்து மதிப்பீட்டைத் திருத்திய பிறகு ஒரு பங்கு, ஒவ்வொரு தூண் அடியையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்த பிறகு பெரும்பங்கு. தகராறு என்றால் 188 என்ற நுகர்வோர் எண்ணை அழையுங்கள். ஆள் நுழைகிற அளவுக்குத் தரையில் ஒரு திறப்பையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இந்த வீட்டில் அது இல்லாததால், சிமெண்ட் அடைத்ததைப் பார்க்கவே புதுத் தரையை அறுக்க வேண்டியதாயிற்று.